ஜன்னலில் படியும் இந்தக் கரி யாருடையது? நகரக் காற்றில் கரித்துகளின் மூலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

#1 நான்காம்மாடி

எல்லோருக்கும் வணக்கம். நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். காலையில் ஈரத்துணியால் ஜன்னல் திண்டைத் துடைத்தால் மாலைக்குள் மறுபடியும் கருப்பு. மண்தூசி மாதிரி நறநறவென்று இல்லை, விரலால் தேய்த்தால் மை போல இழுபடுகிறது. மகளுக்கு 7 வயது. இந்த வருடம் இழுப்பு அதிகமாகிவிட்டது. அதனால்தான் இதை விடாமல் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு முன்னால் பெரிய சாலை. பின்னால் ஒரு காலி மனை, அங்கே சருகும் குப்பையும் கொளுத்துகிறார்கள். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு டீசல் ஜெனரேட்டர். குடியிருப்போர் கூட்டத்தில் கேட்டால் பாதிப்பேர் லாரி என்கிறார்கள், பாதிப்பேர் குப்பை என்கிறார்கள். ஜெனரேட்டரைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகளின் அளவைக் காட்டும் சின்ன லேசர் கருவி ஒன்றை வாங்கிப் பால்கனியில் வைத்தேன். இரவு 9 மணிக்கு மேல் எண் ஏறுகிறது, விடிகாலை 5, 6 மணிக்கு உச்சம், நண்பகலில் இறங்கிவிடுகிறது. இரவில்தான் லாரிகள் அதிகம். அப்படியானால் லாரிதான் காரணம் என்று எழுதி மனு கொடுத்துவிடலாமா?

#2 நெடுஞ்சாலை

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டீசல் புகைதான். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-லேயே டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. உங்களுக்குப் படியும் கருப்பு, எண்ணெய்ப் பிசுக்கு, இரவில் உச்சம், மூன்றும் பொருந்துகின்றன. மனுவைக் கொடுங்கள். தாமதிக்க வேண்டாம், குழந்தை விஷயம்.

#3 வடிதாள்

நான்காம்மாடி, கொஞ்சம் பொறுங்கள். காற்றுமாசு ஆய்வகத்தில் ஃபில்டர் தாள்களோடு பல வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் மூன்று சான்றுகளையும் எதிர்த்தரப்பு ஒரே கூட்டத்தில் உடைத்துவிடும்.

முதலில் ஜன்னல் கருப்பு. திண்டில் விழுந்து படிவது பெரும்பாலும் பெரிய துகள். டயர் தேய்ந்த துணுக்கு, சாலைத்தூசி, எரிந்த இலையின் கரித்துண்டு, சில வீடுகளில் பூஞ்சைகூட. டயருக்குள் தொழிற்சாலைக் கார்பன் கருமை சேர்த்திருப்பதால் அதுவும் மை போலத்தான் இழுபடும். நுரையீரலின் அடிவரை போகிற புகைக்கரி வேறு. 20 முதல் 50 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகள் திராட்சைக் கொத்துபோல ஒட்டிக்கொண்டிருக்கும். அது எளிதில் கீழே விழாது. மழையோடு சேர்ந்து இறங்கும்வரை ஒரு வாரம்போலக் காற்றிலேயே அலையும். திண்டில் இருப்பதும் மகள் மூச்சில் போவதும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம்.

இரண்டாவது, உங்கள் லேசர் கருவி. அது துகளில் பட்டுச் சிதறும் ஒளியை எண்ணுகிறது. ஏறக்குறைய 0.3 மைக்ரோமீட்டருக்குக் கீழே உள்ளவை அதன் கண்ணில் சரியாகப் படாது. என்ஜினிலிருந்து அப்போதுதான் வெளிவந்த புகைக்கரியில் பெரும்பகுதி அந்த அளவுக்குக் கீழேதான். போதாக்குறைக்குக் கரி ஒளியைச் சிதறடிப்பதைவிட விழுங்குவதே அதிகம். ஆக, நீங்கள் தேடும் பொருளைத்தான் அந்தக் கருவி மிக மோசமாகப் பார்க்கிறது. விடிகாலை ஈரப்பதத்தில் துகள்கள் தண்ணீர் குடித்து உப்பினால் எண் அதுவாகவே ஏறும். கருவியில் குறை சொல்லவில்லை, அது செய்யும் வேலை வேறு.

மூன்றாவதுதான் முக்கியம். இரவில் எண் ஏறினால் இரவில் புகை அதிகமாக வெளியாகிறது என்று அர்த்தமில்லை. பகலில் தரை சூடாகிக் காற்று மேலும் கீழும் புரளும், புகை ஒரு கிலோமீட்டர் உயரம்வரைகூடக் கலந்துவிடும். இரவில் தரை குளிர்ந்ததும் அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கீழேயே தங்கும், அதற்கு மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று மூடிபோட்டது போல உட்கார்ந்துவிடும். கலக்கும் உயரம் நூறு இருநூறு மீட்டராகச் சுருங்கும், சில இரவுகளில் அதைவிடவும் குறையும். அதே அளவு புகை, சின்ன டப்பா. எண் ஏறாமல் என்ன செய்யும்? காலை வெயில் ஏறியதும் மூடி திறக்கும், எண் இறங்கும். நீங்கள் சொன்ன வளைவு அச்சு அசலாக இந்த மூடியின் வளைவு. லாரியே ஓடாத இடத்திலும் இதே வளைவு வரும்.

#4 நான்காம்மாடி

அக்கா, மனுவை எழுதி முடித்து அச்செடுக்கும் நேரத்தில் இதைப் படித்தேன். நல்லவேளை. சரி, அப்படியானால் எதை அளக்க வேண்டும்?

#5 வடிதாள்

கரியை அதன் நிறத்தை வைத்துப் பிடிக்க வேண்டும். வெள்ளைத் தாளில் காற்றை உறிஞ்சி, தாள் எவ்வளவு கறுக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தத் துறையின் மிகப் பழைய முறை. நிலக்கரிப் புகை காலத்து பிரிட்டனில் இப்படித்தான் தினமும் அளந்தார்கள். ஆனால் அங்கேயே ஒரு பாடமும் உண்டு. இவ்வளவு கருமைக்கு இவ்வளவு மைக்ரோகிராம் என்று நிலக்கரிப் புகையை வைத்து அட்டவணை போட்டார்கள். பிறகு நிலக்கரி குறைந்து டீசல் வந்தது. ஒரே எடைக்கு டீசல் கரி அதைவிடக் கருப்பு. பழைய அட்டவணை பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டது. கருமை வேறு, எடை வேறு.

1980களில் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் ஹேன்சன், நோவாகோவ் குழுவினர் இதைத் தானியங்கிக் கருவியாக்கினார்கள். எத்தலோமீட்டர் என்று பெயர், கிரேக்கத்தில் புகைக்கரியால் கறுப்பாக்குவது என்ற சொல்லிலிருந்து வந்தது. நாடா போன்ற ஃபில்டரில் காற்றை இழுத்துக்கொண்டே, ஊடுருவும் ஒளி எவ்வளவு குறைகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கும். இப்போது வருகிறவை 370 நானோமீட்டர் புற ஊதாவிலிருந்து 950 அகச்சிவப்பு வரை ஏழு நிறங்களில் பார்க்கின்றன. புகைக்கரியின் அளவை 880-இல் எடுப்பார்கள், ஏனென்றால் அங்கே கரியைத் தவிர வேறெதுவும் பெரிதாக ஒளியை விழுங்குவதில்லை.

மூலம் தெரிவது நிறங்களின் வித்தியாசத்தில். டீசல் கரி எல்லா நிறத்தையும் விழுங்கும், அலைநீளம் குறையக் குறைய விழுங்குவது சீராகத்தான் ஏறும். அந்த ஏற்றம் எவ்வளவு செங்குத்து என்பதைக் கணக்கில் ஒரு அடுக்கு எண்ணால் சொல்வார்கள், டீசலுக்கு அந்த அடுக்கு 1-ஐ ஒட்டி வரும். விறகு, சருகு, வைக்கோல் புகையில் கரியோடு பழுப்புநிறக் கரிமப் பொருளும் இருக்கும். அது புற ஊதாவை மட்டும் ஆசையாக விழுங்கும். அடுக்கு 2-ஐ நோக்கிப் போகும்.

கண்ணாலேயே இதைப் பார்க்கலாம். போக்குவரத்து மிகுந்த சாலையோரத்தில் 24 மணி நேரம் வைத்து எடுத்த குவார்ட்ஸ் இழை ஃபில்டர் தாள் பென்சில் முனையைத் தேய்த்தது போல நீலச்சாம்பல் கலந்த கருப்பு. விறகுப் புகை இரவில் எடுத்த தாள், பழைய புத்தகத்தின் ஓரம்போல மஞ்சள் பழுப்பு ஏறியது. டப்பாவைத் திறந்தாலே நெருப்பருகில் உட்கார்ந்த சட்டையின் வாடை அடிக்கும். இரண்டையும் அருகருகே ஒருமுறை வைத்துப் பார்த்தவர்கள் அப்புறம் மறக்கமாட்டார்கள்.

இதோடு காற்றின் திசையையும் குறித்துவையுங்கள். எந்தத் திசையிலிருந்து காற்று வரும்போது கரி ஏறுகிறது என்பது பல நேரம் வேதியியலைவிடத் தெளிவாகப் பேசும். அருகில் ஏதாவது கல்லூரி ஆய்வகம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கையடக்க எத்தலோமீட்டர் வைத்திருப்பார்கள், நோக்கத்தைச் சொன்னால் சில நாட்களுக்குக் கொடுப்பார்கள்.

#6 எண்காதலன்

வடிதாள் மேடம் சொன்னது அத்தனையும் சரி. ஒரு எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். அந்தக் கருவியின் மென்பொருள் தானாகவே "இவ்வளவு சதவீதம் புதைபடிவ எரிபொருள், இவ்வளவு உயிர்ப்பொருள் (அதாவது விறகு, சருகு)" என்று பிரித்துக் காட்டும். அதை அப்படியே மனுவில் ஒட்டிவிடாதீர்கள். உலகத்தில் இரண்டே மூலங்கள், ஒன்றின் அடுக்கு 1, மற்றதன் அடுக்கு 2 என்று அது முன்கூட்டியே எண்ணிக்கொள்கிறது. குளிர்காலத்தில் விறகும் சாலையும் மட்டும் இருக்கும் மலைப்பள்ளத்தாக்கு ஊருக்கு அது நன்றாகப் பொருந்தும். நிலக்கரி எரியும் இடத்தில் தடுமாறும், ஏனென்றால் குறைந்த சூட்டில் எரியும் நிலக்கரியும் பழுப்புப் புகை விடும். பிளாஸ்டிக் கலந்த குப்பைக்கு எந்தப் பெட்டி? அதற்கும் பதில் கிடையாது.

அடுத்தது, கரித்துகள் வயதாகும்போது அதன்மேல் சல்ஃபேட்டும் கரிமப் பொருளும் பூசிக்கொள்ளும். பூச்சு மாறினால் அடுக்கும் கொஞ்சம் மாறும், மூலம் மாறாமலேயே. அதனால் 1.2, 1.3 என்று நடுவில் வரும் எண்ணை வைத்து யாரையும் குற்றம் சாட்ட வேண்டாம். எந்த நேரத்தில், எந்தக் காற்றில் அந்த எண் நகர்கிறது என்று பாருங்கள்.

மூடி விஷயத்துக்கு ஒரு தந்திரம் உண்டு. கரியை மட்டும் பார்க்காமல், கூடவே வெளிவரும் வாயுவோடு விகிதமாகப் பாருங்கள். மூடி இறங்கினால் கரியும் ஏறும், கார்பன் மோனாக்சைடும் ஏறும், நைட்ரஜன் ஆக்சைடும் ஏறும், விகிதம் மாறாது. விகிதம் மாறினால் மூலம் மாறுகிறது என்று அர்த்தம். டீசல் என்ஜின் நைட்ரஜன் ஆக்சைடை அள்ளி விடும். புகைந்து எரியும் சருகு கார்பன் மோனாக்சைடை அள்ளி விடும், நைட்ரஜன் ஆக்சைடு கொஞ்சம்தான். பக்கத்தில் அரசு கண்காணிப்பு நிலையம் இருந்தால் வாயு எண்களை அங்கேயே எடுக்கலாம்.

#7 டீசல்கை

30 வருடமாக டீசல் என்ஜின் பிரித்து மாட்டுகிறேன். படிப்பு விஷயத்தில் நான் தலையிடவில்லை, ஆனால் "லாரி" என்று மொத்தமாகச் சொல்வதில் எனக்கு வருத்தம் உண்டு, அதனால் எழுதுகிறேன்.

கரும்புகை என்பது முழுதாக எரியாத டீசல். சிலிண்டருக்குள் எண்ணெய் அதிகம், காற்று குறைவு, அவ்வளவுதான். ஏர் ஃபில்டர் அடைத்துப்போனால் வரும். இன்ஜெக்டர் முனை தேய்ந்து, பனிபோலத் தெளிக்க வேண்டியது துளித்துளியாகச் சொட்டினால் வரும். டர்போ குழாயில் கசிவு இருந்தால் வரும். அளவுக்கு மீறி பாரம் ஏற்றி மேட்டில் இழுத்தால் வரும். இப்போது வருகிற வண்டிகளில் புகைக்குழாய்க்குள் துகள் வடிகட்டி இருக்கிறது. தேன்கூடு மாதிரி பீங்கான், ஒன்றுவிட்டு ஒன்று வாய் அடைத்த துளைகள். கரியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அதில் நின்றுவிடும். ஓடி 2 வருடமான வண்டியின் குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்திருக்கிறேன், விரல் சுத்தமாக வந்தது. ஆனால் அடைத்துக்கொண்டால் மாற்றச் செலவாகும் என்று அதை வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயை வைத்துப் பற்றவைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அந்த ஒரு வண்டி விடுகிற கரி, ஒழுங்காக இருக்கும் பல வண்டிகள் சேர்ந்து விடுவதைவிட அதிகம்.

அதனால் எத்தனை லாரி போகிறது என்று எண்ணுவதால் பயனில்லை. எந்த வண்டி கரியைக் கக்குகிறது என்பதுதான் கேள்வி. நான்காம்மாடி தம்பி, இன்னொன்று. ஜெனரேட்டரை விட்டுவிடாதீர்கள். சாலை வண்டிக்காவது சோதனை உண்டு. மூலையில் நிற்கும் பழைய ஜெனரேட்டரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குளிர்ந்த என்ஜின், கிளப்பியதும் பாரம். அந்த முதல் சில நிமிடத்தில் வரும் புகைதான் மோசம்.

#8 மழைக்குருவி

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். தொல்லியலில் கார்பன் வைத்து வயது பார்க்கிறார்களே, அதையே இங்கேயும் செய்தால் என்ன? டீசல் பல கோடி வருடம் பழையது, சருகு போன மாதம் விழுந்தது. ஒரே சோதனையில் வழக்கு முடிந்துவிடுமே?

#9 வடிதாள்

நல்ல கேள்வி குருவி, இதைக் கேட்டதற்கு நன்றி. செய்கிறார்கள், மூலம் காண்பதில் மிக வலுவான சான்றுகளில் அதுவும் ஒன்று. கார்பன்-14-இன் அரை ஆயுள் 5,730 வருடம். ஏறக்குறைய 50,000 வருடம் தாண்டினால் அளக்கும்படி மிச்சமிருக்காது. பெட்ரோல், டீசல், நிலக்கரி எல்லாவற்றிலும் அது பூஜ்யம். உயிரோடு இருந்த மரத்திலும் இலையிலும் காற்றில் உள்ள அளவுக்கே இருக்கும். தாளில் படிந்த கரியில் கார்பன்-14 எவ்வளவு என்று முடுக்கி நிறைமானியில், அதாவது அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவியில், அளந்தால் பழசு எவ்வளவு, புதுசு எவ்வளவு என்று பிரிக்கலாம். பத்துக் கணக்கான மைக்ரோகிராம் கார்பன் கையில் இருந்தாலே போதும்.

முதல் சிக்கல் அணுகுண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் வெடித்த சோதனைகளால் 1963 வாக்கில் வட அரைக்கோளத்துக் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அந்தக் காலத்தில் வளர்ந்த மரத்தின் வளையத்தில் அது இன்னும் இருக்கிறது. 70 வயது மரத்தை எரித்தால் வரும் கரி இன்றைய இலையைவிட "அதிகப் புதுசாக" காட்டும். எந்த வயது மரம் எரிகிறது என்று யூகித்துத் திருத்த வேண்டும்.

இரண்டாவது சிக்கல்தான் நான்காம்மாடிக்கு நேரடியாகப் பொருந்தும். பிளாஸ்டிக் பெட்ரோலியத்திலிருந்து வந்தது. பின்மனையில் எரிவது சருகாக இருந்தால் "புதுசு" பக்கம் விழும், பிளாஸ்டிக்காக இருந்தால் "பழசு" பக்கம் விழுந்து லாரியோடு சேர்ந்துவிடும். தலைகீழாக, தாவர எண்ணெயிலிருந்து எடுத்த டீசல் கலந்து ஓடும் வண்டியின் கரி "புதுசு" பக்கம் சாயும். கார்பன்-14 எரிந்த பொருளின் வயதைச் சொல்லும், எரித்தவர் யார் என்று சொல்லாது.

அதற்குத்தான் அடையாள மூலக்கூறுகள். மரத்திலும் இலையிலும் உள்ள செல்லுலோஸ் 300 டிகிரிக்கு மேல் சூட்டில் சிதையும்போது லெவோகுளுகோசான் என்ற சர்க்கரைப் பொருள் உண்டாகும். டீசலில் அது வரவே வராது. தாளில் அது இருந்தால் மரமோ இலையோ எங்கோ எரிந்திருக்கிறது. எரிந்த மென்பிளாஸ்டிக்குக்கு டிரைபீனைல் பென்சீன் என்ற பொருளைத் தேடுவார்கள். என்ஜின் எண்ணெய்க்கு ஹோபேன். பிரேக் தேய்மானத்துக்கு செம்பு, பேரியம், ஆன்டிமனி. டயருக்கு துத்தநாகம். ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை உண்டு. லெவோகுளுகோசான் வெயிலில் சிதையும், ஆகவே தூரத்திலிருந்து வந்த புகையைக் குறைத்துக் காட்டும். பழுப்பு நிலக்கரி எரிந்தாலும் கொஞ்சம் வரும்.

#10 நெடுஞ்சாலை

நான் முதலில் அவசரப்பட்டுச் சொன்னது தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஒரு ஆதங்கம். ஒரே நகரத்துக்கு ஒரு அறிக்கை வாகனம்தான் பெரும்பங்கு என்கிறது, இன்னொன்று தூசி என்கிறது, மூன்றாவது எரிப்பு என்கிறது. எல்லாம் நிபுணர்கள் எழுதியதுதான். இப்படி இருந்தால் அதிகாரி எதையும் செய்யாமல் இருக்க வசதியாகப் போய்விடுகிறதே? இதில் யாரை நம்புவது?

#11 எண்காதலன்

நியாயமான ஆதங்கம். பல நேரம் அந்த அறிக்கைகள் ஒன்றையொன்று மறுக்கவில்லை, வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. எதன் பங்கு என்று முதலில் பாருங்கள். பி.எம். 10 என்றால் எடையில் மண்தூசி முந்திக்கொள்ளும். பி.எம். 2.5 என்றால் காற்றிலேயே வாயுவிலிருந்து உருவாகும் சல்ஃபேட், நைட்ரேட் பெரிய பங்கு எடுக்கும். கரித்துகள் மட்டும் என்றால் எரிப்பு தவிர வேறு ஆளே இல்லை. மூன்றுக்கும் மூன்று பட்டியல். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பி.எம். 2.5-க்கு ஆண்டுச் சராசரி வரம்பைக் கன மீட்டருக்கு 10-லிருந்து 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. ஆனால் புகைக்கரிக்கு வரம்பு எண் வைக்கவில்லை, முறையாக அளக்க ஆரம்பியுங்கள், மூலங்களைக் கணக்கெடுங்கள் என்று மட்டும் சொன்னது. பல ஊர்களில் கரிக்கென்று தனி எண் கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு முறை. ஒன்று, கீழிருந்து மேலே. எத்தனை வண்டி, எத்தனை சூளை, ஒவ்வொன்றும் எவ்வளவு விடும் என்று பெருக்கிக் கூட்டுவது. டீசல்கை அண்ணன் சொன்ன வடிகட்டி வெட்டிய வண்டி இந்தக் கணக்கில் வராது, காகிதத்தில் அது சுத்தமான வண்டி. பின்மனைக் குப்பையும் வராது. இன்னொன்று, மேலிருந்து கீழே. தாளில் படிந்ததை அலசி எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போவது. இதற்கு 1994-இல் பாட்டெரோ, டாப்பர் இருவரும் வெளியிட்ட நேர்ம அணிக் காரணியாக்க முறைதான் இன்று பெரும்பாலும் கையாளப்படுகிறது. நூறு நாள் தாள்களில் எந்தெந்தத் தனிமங்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றன என்று அது குழு பிரிக்கும்.

நான் வருடக்கணக்கில் ஓட்டுகிற கணக்கு இது, அதனால் மனம்விட்டுச் சொல்கிறேன். ஒரு குழுவைக் கணினி "காரணி 3" என்றுதான் கொடுக்கும். அதற்கு "வாகனம்" என்று பெயர் வைப்பது மனிதர். செம்பும் துத்தநாகமும் கரியும் சேர்ந்திருந்தால் வாகனம் என்று வைப்போம். பொட்டாசியமும் லெவோகுளுகோசானும் சேர்ந்திருந்தால் உயிர்ப்பொருள் எரிப்பு. குப்பையும் சருகும் தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஆளால் கொளுத்தப்பட்டால் கணக்குக்கு அவை ஒரே மூலம்தான், எவ்வளவு முயன்றாலும் பிரிக்க வராது.

அடையாளங்களும் காலத்தோடு மாறும். ஒரு காலத்தில் வாகனப் புகைக்கு ஈயமும் புரோமினும்தான் அசைக்க முடியாத சாட்சி, பெட்ரோலில் இரண்டையும் சேர்த்துக் கலந்திருந்தார்கள். நாடு நாடாக ஈயத்தை நிறுத்தி, கடைசியாக 2021-இல் அல்ஜீரியாவும் நிறுத்தியது. மக்களுக்கு மிக நல்லது, ஆனால் ஆய்வாளரின் கையிலிருந்த சாட்சி போய்விட்டது. கப்பல் புகைக்கு வனேடியம் இருந்தது. 2020-இல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தை 0.5 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியதும் வனேடியமும் குறைந்துவிட்டது. பழைய அடையாளப் பட்டியலை வைத்துக்கொண்டு இன்றைய தாளைப் படித்தால் தப்பு வரும்.

யாரை நம்புவது என்று கேட்டீர்கள். ஒரே முறையால் கிடைத்த சதவீதத்தை எடுத்த எடுப்பில் நம்ப வேண்டாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று சான்றுகள், அதாவது நேரம், காற்றுத்திசை, நிறம், வேதியியல், ஒரே ஆளைக் காட்டினால் நம்புங்கள்.

#12 நான்காம்மாடி

மூன்று வாரமாக எழுதவில்லை, மன்னிக்கவும். ஒரு கல்லூரி ஆய்வகத்திலிருந்து ஐந்து நிறக் கையடக்கக் கருவி 10 நாளுக்குக் கிடைத்தது. பால்கனிக் கம்பியில் கட்டி, குழாயை வெளியே நீட்டி வைத்தேன். பக்கத்தில் ஒரு நூல்கண்டிலிருந்து ஒரு முழம் நூலைக் கட்டித் தொங்கவிட்டேன், காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க. ஒரு நோட்டில் நானும் மனைவியும் மாறி மாறிக் குறித்தோம்: காற்று முன்பக்கம், பின்பக்கம், மின்வெட்டு, பின்மனையில் புகை, லாரி வரிசை.

காலை 7 முதல் 9 வரை ஒரு மேடு. வாரநாளில் உண்டு, ஞாயிற்றுக்கிழமை பாதிகூட இல்லை. அடுக்கு 1-ஐ ஒட்டியே. இது சாலைதான் என்று எனக்கே தோன்றியது.

இரவு 9-க்கு மேல் ஒரு அகன்ற மேடு. அடுக்கு 1.5-ஐத் தாண்டுகிறது, ஆனால் நூல் வீட்டை நோக்கி, அதாவது பின்பக்கக் காற்றில் ஆடும் இரவுகளில் மட்டும். முன்பக்கக் காற்று வீசிய மூன்று இரவுகளில் லாரி வழக்கம்போல ஓடியது, இந்த மேடு வரவில்லை. இரவு லாரி என்று நான் எழுதிய மனுவை நினைத்தால் இப்போது பதறுகிறது.

அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்று. வரைபடத்தில் ஊசி மாதிரி சில கூர்முனைகள். 10 நாளில் ஆறு. அன்றாட மேடுகளைவிடப் பல மடங்கு உயரம், சில நிமிடத்தில் இறங்கிவிடுகின்றன. அடுக்கு 1. மென்பொருள் அத்தனையையும் "புதைபடிவ எரிபொருள்" என்று போட்டு சாலையோடு சேர்த்துவிட்டது. நோட்டைத் திறந்து நேரத்தை ஒப்பிட்டேன். ஆறும் மின்வெட்டு வந்த நிமிடங்கள்.

கீழே போய்ப் பார்த்தேன். ஜெனரேட்டரின் புகைக்குழாய் மேலே போகாமல் எங்கள் சுவரைப் பார்த்து வளைந்து முடிகிறது. அதற்கு நேரே சுவரில் விசிறி விரித்தாற்போலக் கருப்பு. அந்த விசிறியின் மேல்நுனி எங்கள் குழந்தை படுக்கும் அறையின் ஜன்னலுக்கு இரண்டடி கீழே நிற்கிறது. நான்கு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன், ஒருநாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

#13 டீசல்கை

தம்பி, படித்ததும் நெஞ்சு அடைத்துவிட்டது. உடனே செய்யக்கூடியது ஒன்று. குழாயை நிமிர்த்திக் கட்டடத்தின் கூரைக்கு மேலே கொண்டுபோகச் சொல்லுங்கள். இதற்குப் பெரிய பொறியியல் வேண்டாம், பற்றவைப்பவர் ஒருவர் இருந்தால் போதும். குழாய் நீளும்போது புகை திரும்பி அழுத்தாதபடி விட்டம் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், உச்சியில் மழைமூடி வைக்கச் சொல்லுங்கள். கூடவே இன்ஜெக்டரையும் ஏர் ஃபில்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது சண்டையாகப் போகாதீர்கள். நோட்டையும் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், நிமிடத்துக்கு நிமிடம் பொருந்துவதைப் பார்த்தால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

#14 மழைக்குருவி

அந்த நூல்! எவ்வளவு எளிய விஷயம். எங்கள் பால்கனியிலும் இன்றே கட்டிவிட்டேன்.

#15 வடிதாள்

நேர்த்தியான வேலை நான்காம்மாடி. குறிப்பாக ஞாயிற்றுக்கிழமையைத் தனியாகப் பார்த்ததும், முன்பக்கக் காற்று இரவுகளைத் தனியாகப் பார்த்ததும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஊசிகள் உயரமாக இருந்தாலும் நிமிடக்கணக்குதான். இரவு மேடு தாழ்வாக இருந்தாலும் மணிக்கணக்கு. குழந்தை சுவாசித்த மொத்தக் கரியைப் பார்க்க வளைவின் கீழுள்ள பரப்பைக் கூட்டுங்கள், உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரவு மேடு முந்திவிடலாம்.

அந்த இரவில் எரிவது சருகா பிளாஸ்டிக்கா என்பதை உங்கள் கருவியால் சொல்ல முடியாது. அதற்குத் தாள் வேண்டும்.

#16 நான்காம்மாடி

அக்கா, நீங்கள் சொன்னபடி பரப்பைக் கூட்டினேன். இரவு மேடுதான் முதலிடம், சாலை அடுத்து, ஜெனரேட்டர் மூன்றாவது. ஆனால் ஜெனரேட்டர்தான் உடனே சரியாகக் கூடியது. நேற்று பக்கத்துக் கட்டடத்துக்காரர்களிடம் நோட்டையும் வரைபடத்தையும் காட்டினேன். பெரியவர் ஒருவர் ஒன்றும் பேசாமல் என்னோடு வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரலைப் பார்த்தார். இந்த வாரமே குழாயை நிமிர்த்துகிறோம் என்றார்.

ஆய்வகத்தில் சின்ன பம்பும் நான்கு குவார்ட்ஸ் தாளும் கொடுத்திருக்கிறார்கள். பின்பக்கக் காற்று இரவு இரண்டு, முன்பக்கக் காற்று இரவு ஒன்று எடுத்தேன். அலுமினியத் தாளில் சுற்றி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். நான்காவதையும் இன்றிரவு ஓட்டிவிடட்டுமா?

#17 வடிதாள்

ஓட்ட வேண்டாம். நான்காவதை மற்றவற்றைப் போலவே பம்பில் மாட்டுங்கள், பம்பைப் போடாமல் கழற்றுங்கள், அதே மாதிரி சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். உங்கள் கையிலிருந்தும் டப்பாவிலிருந்தும் தாளில் எவ்வளவு ஏறியது என்று அது காட்டும். அந்த வெற்றுத்தாள் இல்லாமல் மற்ற மூன்றின் எண்ணையும் நான் நம்பமாட்டேன்.

#18 நான்காம்மாடி

சரி அக்கா. மாட்டிக் கழற்றியாகிவிட்டது. நாளை காலை நான்கையும் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப்போகிறேன். லெவோகுளுகோசான், டிரைபீனைல் பென்சீன் இரண்டையும் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். எண் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.